ராத்திரி சாப்பிட்டதும் இனிப்பு கேட்கும் நாக்குக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: எனக்கு 44 வயது. வங்கியில் வேலை. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்ததும் ஏதாவது இனிப்பு வாயில் போட்டால்தான் சாப்பிட்ட மாதிரியே இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் அது, இல்லையென்றால் மைசூர்பாகு, அதுவும் இல்லையென்றால் மால்ட் பொடி போட்ட பால். போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 5.9 வந்தது. இனிப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை லட்டு என்று மாறினால் போதுமா? அடியோடு நிறுத்த முயன்றேன், முடியவில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். நீங்கள் அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் செய்கிற சின்ன மாற்றத்துக்கும் பலன் உண்டு.

நாட்டுச் சர்க்கரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் ஒரே சர்க்கரைதான். 100 கிராம் சர்க்கரையில் ஏறக்குறைய 400 கலோரி என்றால், வெல்லத்தில் 380 சொச்சம். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் உடம்புக்கு உதவும் அளவுக்கு இரும்பு வேண்டுமென்றால் எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முருங்கைக்கீரை எதற்கு இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டுதலின்படி, சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வரும், முழுப் பழம் வராது. காலையும் மாலையும் காபிக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன் போட்டாலே நான்கு தீர்ந்துவிடுகிறது.

பேரீச்சையில் நார்ச்சத்து உண்டு, ஆனால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. லட்டாக அரைத்து உருட்டும்போது எத்தனை பழம் உள்ளே போகிறது என்பதே தெரியாது. ‘ஹெல்தி’ என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டாவது உருண்டைக்குக் கை தானாகப் போகும். முழுப் பழமாக இரண்டு எடுத்து, கொட்டையை நீக்கி, உள்ளே ஒரு பாதாமை வைத்து மென்று சாப்பிடுங்கள். அது போதும்.

அடுத்து நான் கேட்பது, இனிப்புக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்பது. ஆலோசனைக்கு வருபவர்கள் பலரிடம் இதைக் கேட்டால் கிடைக்கும் பதில் ஒரே மாதிரிதான் இருக்கும்: மதியம் டிபன் பாக்ஸில் கொஞ்சம் சாதம், நாலு மணிக்குக் காபியும் பிஸ்கட்டும், ராத்திரி ஒன்பதுக்கு மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி. வயிறு நிறைந்துவிடும், ஆனால் புரதம் மிகக் குறைவு. பசி அடங்கியும் திருப்தி வராததால் நாக்கு இன்னொன்றைத் தேடுகிறது. அதே தோசையை இரண்டாக்கி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரோ சுண்டலோ, அசைவம் சாப்பிடுபவர் என்றால் இரண்டு முட்டையோ சேர்த்துப் பாருங்கள். அடை இன்னும் நல்லது, அதில் பருப்பு ஏற்கெனவே இருக்கிறது. சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்னால் நகர்த்த முடிந்தால் பாதி வேலை முடிந்தது. வங்கி வேலையில் அது எளிதில்லை என்பது தெரியும். ஆறு மணிக்கு ஒரு கைப்பிடி வறுத்த கடலை தின்றுவிட்டால், வீட்டுக்கு வந்து தட்டில் விழுந்து சாப்பிடும் அவசரமாவது குறையும்.

நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், மாலைக்குப் பிறகு நம் உடம்பில் இன்சுலின் வேலை செய்யும் வேகம் குறைகிறது. அதே மைசூர்பாகை மதியச் சாப்பாட்டோடு சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையைவிட, பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால் ஏறுவது பொதுவாக அதிகம். அதனால் பண்டிகை, விசேஷம் என்று இனிப்பு வந்தால் மதிய இலைக்கு ஒதுக்கிவிடுங்கள். பாயசமே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

சரி, ராத்திரிக்கு என்ன? எனக்குப் பிடித்தது கட்டித் தயிர். அரை லிட்டர் புளிக்காத தயிரை மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றி மூட்டையாகக் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் விடுங்கள். தண்ணீர் இறங்கி ஏறக்குறைய பாதியாகிவிடும். துணியைப் பிரித்தால் வெண்ணெய் போல நிற்கும். வடிந்த நீரை மறுநாள் சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்திலோ பயன்படுத்தலாம். இந்தத் தயிரில் மூன்று நான்கு ஸ்பூன் எடுத்து, பொடித்த ஏலக்காய் ஒரு சிட்டிகை, நறுக்கிய மாம்பழமோ மாதுளை முத்தோ ஒரு கைப்பிடி சேர்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாகக் குழையுங்கள். மராட்டியர் செய்யும் ஸ்ரீகண்ட் இதுதான், சர்க்கரை மட்டும் இல்லை. முதல் நான்கைந்து நாள் ‘இனிப்பே இல்லையே’ என்று தோன்றும். வேண்டுமானால் அரை ஸ்பூன் தேன் விடுங்கள், அடுத்த வாரம் கால் ஸ்பூன் ஆக்குங்கள். இனிப்பைக் குறைக்கக் குறைக்க நாக்கும் பழகிக்கொள்ளும்.

தயிரை வடித்துக் குழைக்க நேரமில்லாத நாளில் கொய்யாவோ பப்பாளித் துண்டோ. நேந்திரம்பழம் இருந்தால் பாதியை வட்டமாக நறுக்கி, அரை ஸ்பூன் நெய் தடவிய தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டிப் பாருங்கள். சர்க்கரையே போடாமல் ஓரமெல்லாம் அல்வா மாதிரி இருக்கும். பாதிதான், முழுப் பழம் வேண்டாம். கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மைசூர்பாகுக்குப் பதிலாக ஒரே ஒரு கடலை மிட்டாய். கோவில்பட்டிக்காரர்கள் 2020இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். வெல்லம் இருந்தாலும் பெரும்பகுதி நிலக்கடலை, மெல்லவும் நேரம் பிடிக்கும். வழக்கமான மைசூர்பாகின் அளவு தெரியுமல்லவா? ஒரு பங்கு கடலை மாவுக்கு இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய்.

ஐஸ்கிரீமை நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன், டப்பாவைத்தான் சொல்வேன். 100 மி.லி. வெனிலா கப்பின் எடை சுமார் 50, 55 கிராம்தான், உள்ளே நிறையக் காற்று. சர்க்கரை 11, 12 கிராம் இருக்கும். வாரத்துக்கு ஒரு கப் என்றால் பயமில்லை. ஃபேமிலி பேக்கில் ஸ்பூனை விட்டு டிவி பார்ப்பதுதான் வினை. கப்பாகவே வாங்குங்கள், வீட்டில் சேமித்து வைக்காதீர்கள். வாங்கும்போது மேலே ‘ஐஸ்கிரீம்’ என்று இருக்கிறதா, ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னது பால் கொழுப்பில் செய்வது, பின்னதில் தாவர எண்ணெய் இருக்கும்.

மால்ட் பொடியின் டப்பாவைத் திருப்பி, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியைப் படியுங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் பாலில் மஞ்சள், மிளகு, அரை ஸ்பூன் பனங்கற்கண்டு போதும். ‘சுகர் ஃப்ரீ’ இனிப்புகளில் சர்க்கரை போனாலும் நெய்யும் கோவாவும் போவதில்லை. செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்க நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

சாப்பிட்டதும் சோபாவில் உட்காராமல் மாடியிலோ தெருவிலோ பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், இனிப்பு தேடும் அந்த நேரமும் கடந்துவிடும். திரும்பி வந்ததும் பல் துலக்கிவிடுங்கள். பேஸ்ட் வாசனையோடு அல்வா தின்ன யாருக்கும் தோன்றாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், துலக்காமல் விட்ட இனிப்பு பல்லையும் அரிக்கும். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் வறுத்த சோம்பு மெல்லலாம். ஹோட்டலில் தரும் கலர் மிட்டாய்ச் சோம்பு வேண்டாம், பாக்கு வேண்டவே வேண்டாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் இரவுச் சாப்பாட்டையோ படுக்கும் முன் சாப்பிடுவதையோ டாக்டரைக் கேட்காமல் குறைக்காதீர்கள். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் ஆபத்து.

உங்களுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி எச்பிஏ1சி பார்த்தால் போதும். இந்தப் பரிசோதனை ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால், பத்து நாளில் பார்த்தால் பழைய மைசூர்பாகின் கணக்குத்தான் பெரும்பாலும் அதில் தெரியும்.