சிலவேளையா, ஒருவேளையா?

கேள்வி: ‘நாளைக்குச் சிலவேளை மழை பெய்யும்’ என்று மகள் கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியை அதை வெட்டி ‘ஒருவேளை’ என்று திருத்தியிருக்கிறார். ‘சிலவேளை’ பிழையா?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: பிழை இல்லை. மற்ற இடங்களில் ‘ஒருவேளை’ செய்கிற வேலையை யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரும்பாலும் ‘சிலவேளை’ செய்துவிடுகிறது. மயக்கம் வருவது பின்னால் நிற்கும் வினையால். ‘பெய்யும்’, ‘வருவார்’ போன்றவை இனி நடக்கப்போவதையும் சொல்லும், வழமையாக நடப்பதையும் சொல்லும். ‘மாமா சிலவேளை வருவார்’ என்றால், இடைக்கிடை வந்துபோகிற மாமாவா, இண்டைக்கு வரக்கூடிய மாமாவா? உலையில் அரிசி கூடப் போடுவதா என்பது இதில்தான் கிடக்கிறது! மகளின் வசனத்தில் ‘நாளைக்கு’ இருப்பதால் அந்த மயக்கத்துக்கே இடமில்லை; வெட்டியிருக்கத் தேவையில்லை. ‘இடைக்கிடை’ என்ற பொருள் வேண்டுமானால் ‘சில வேளைகளில்’ என்று பன்மையில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஒருவேளை’யைச் சேர்த்து எழுதுவதா, பிரித்தா?
- வாசகர், உடுப்பிட்டி

பதில்: பொருளைப் பார்த்து எழுதுங்கள். ‘ஒரு வேளைச் சோறு’ என்பது ஒரு நேரச் சாப்பாடு. பிரிந்து நிற்கும், ‘ச்’ மிகும். ‘ஒருவேளை சோறு முடிந்திருக்கலாம்’ என்பதில் அது ஐயம். சேர்ந்து நிற்கும், ஒற்று மிகாது. ‘ஒருவேலை’ என்று லகரம் போட்டால் அது ஒரு தொழிலாகிவிடும்.

கூடவே ஒன்று. இந்தச் சொல் தனியே நின்று ஐயத்தைச் சுமக்காது. ‘ஒருவேளை அவர் வந்தார்’ என்பது நொண்டும். ‘வந்திருக்கலாம்’, ‘வந்தாரோ’, ‘வந்தால்’ என்று வினையும் கைகொடுக்க வேண்டும். ‘ஒருவேளை வரலாம்’ கூறியது கூறல் என்று சிலர் அடிப்பார்கள், நான் அடிக்கமாட்டேன். ‘அவர் வரலாம்’ என்று மட்டும் எழுதினால் அனுமதி கொடுத்தது போலவும் படும். முன்னால் ‘ஒருவேளை’ வந்தால் அந்தப் பொருள் விலகிவிடும். ‘ஒருவேளை’ வேண்டாமென்றால் ‘வரக்கூடும்’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘மழை வரும் போலக் கிடக்கு’ என்பதும் இதே பொருள்தானா?
- வாசகர், காரைநகர்

பதில்: இல்லை. வானம் இருண்டதைக் கண்ட பிறகு சொல்வது அது. ‘சிலவேளை மழை வரும்’ என்று வெளியே எட்டிப் பார்க்காமலே சொல்லலாம்.