கணை ஆடுகிறதா, பதம் போய்விட்டதா?
பழைய பண்ணைக் கருவிகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா காலத்து மம்பட்டி. கணை (மரப்பிடி) ஆடும்போதெல்லாம் ராத்திரி தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவேன், காலையில் இறுகியிருக்கும். இப்போது இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. ஏன்?
(ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: அந்தத் தண்ணீர்தான் காரணம். ஊறிய மரம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு வளையம் விடாது. போக இடமில்லாமல் நார் நசுங்கிவிடும். காய்ந்த பிறகு நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது, முன்பைவிட ஒரு இழை சிறுத்துத்தான் நிற்கும். ஒவ்வொரு முறை ஊறும்போதும் இதே கதைதான்.

இந்தக் கணையைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். கருவேலம் நல்லது, புளியும் தாங்கும். நார் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். துளைக்குள் போகும் பகுதியில் கணு கூடாது. பச்சை மரத்தை அவசரமாகச் சீவி மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசி (இல்லாவிட்டால் முனை வெடிக்கும்) நிழலில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால்தான் மரம் காய்ந்ததாக அர்த்தம். அதற்கு 3 முதல் 6 மாதம் ஆகலாம்.

சீவும்போது துளையின் உள்பக்கம் அடுப்புக்கரியைத் தடவிக்கொள்ளுங்கள். கணையைத் தட்டி நுழைத்துக் கழற்றினால், இறுக்கமான இடங்களில் மட்டும் கருப்பு ஒட்டியிருக்கும். அந்த இடங்களை மட்டும் அராவுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் மரம் இரும்பைச் சுற்றிலும் தொடும். பிறகு கணையின் தலைமுனையில், துளை ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ரம்பத்தால் கீறி, நன்கு காய்ந்த மரத்தில் செய்த ஆப்பை அடியுங்கள். ஆப்பு பச்சையாக இருந்தால் இவ்வளவு பாடும் வீண். கோடாலிக்கும் இதே முறைதான்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய் தடவி, 20 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒருநாள் இடைவெளி விட்டு மூன்று பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள்! அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த அரிவாள்களைக் கழிப்பறை ஆசிட்டில் போடலாமா?
(மன்னார்குடி வாசகி)

பதில்: வேண்டாம். துரு போகும், ஆனால் பதம் ஏற்றிய (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய) எஃகு அதில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். குழிகளில் தங்கும் ஆசிட் மறுபடி துருவை இழுக்கும். சிட்ரிக் ஆசிட் போதும்: லிட்டருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். மரப்பிடி நனையக் கூடாது. 6 மணி நேரத்தில் எடுத்துக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னும் கொஞ்ச நேரம். பிறகு ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் சூடேற்றி, உடனே எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களிலேயே செம்பழுப்பு படரத் தொடங்கும். வாய்ப்பகுதி சுத்தமானால் போதும். மேலே இருக்கும் கருமையைச் சுரண்ட வேண்டாம், அது துருவைத் தடுக்கும்.

கேள்வி: கிரைண்டரில் தீட்டியபோது கோடாலி வாயில் நீல நிறம் வந்துவிட்டது. அதன்பின் கூர் நிற்பதில்லை.
(தேனி வாசகர்)

பதில்: நீலம் என்றால் இரும்பு சுமார் 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது, அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. நீலத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் நிறம்தான் போகும். அரத்தை வாயில் ஓட்டிப் பாருங்கள். நல்ல பதத்தில் அரம் சிரமப்பட்டுத்தான் கடிக்கும்; மென்மையான இடத்தில் சுலபமாகக் கடிக்கும். மென்மை மெல்லிய ஓரத்தோடு நின்றால், அந்த அளவைக் கையரத்தால் எடுத்துவிடலாம். உள்ளே போயிருந்தால் பட்டறையில் கொடுத்துக் காய்ச்சித் தோய்த்துத்தான் வாங்க வேண்டும். அடுத்த முறை அரமோ சாணைக்கல்லோ போதும். கிரைண்டர்தான் என்றால், விரலில் சூடு தெரியும் முன்பே தண்ணீரில் முக்கி எடுங்கள்.

கேள்வி: கருக்கரிவாளை (பல் வெட்டிய அரிவாளை) வீட்டில் தீட்டலாமா?
(செய்யாறு வாசகர்)

பதில்: பல் மழுங்கியதைச் சாணை பிடித்தால் இருக்கும் பல்லும் போகும். பட்டறையில் உளியால் கருக்கு வெட்டித் தோய்த்துத் தரச் சொல்லுங்கள்.