வலி எடுத்ததும் ஊசிக்கு ஆள் கூப்பிடாதீர்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். எங்கள் கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலுக்கு மூன்று வயது, எடை ஏழரை கிலோ, இதுதான் தலையீத்து. முதல் இணை சேர்த்து இன்றோடு 56 நாள். ஆண் நாயைக் கொண்டுவந்த புரோக்கர், "ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் தண்டச் செலவுங்க. வலி வந்தா கூப்பிடுங்க, ஒரு ஊசி போட்டா சரசரன்னு போட்ருமுங்க" என்கிறார். கால்சியம் டானிக்கும் ஊற்றச் சொன்னார். எதுவரை வீட்டில் காத்திருக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: டானிக்கை இன்றே நிறுத்துங்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். நாளையே வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுங்கள். 55 நாளுக்கு மேல் குட்டிகளின் எலும்பு நன்றாகத் தெரியும். மண்டை ஓடுகளையும் முதுகெலும்புகளையும் எண்ணி எத்தனை குட்டி என்று மருத்துவர் சொல்லிவிடுவார். இந்தக் கட்டத்தில் ஒரு எக்ஸ்ரேயால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. எண்ணிக்கை தெரியாமல் பிரசவம் பார்த்தால், எல்லாம் வெளியே வந்ததா, ஒன்று உள்ளே சிக்கியிருக்கிறதா என்று விடிய விடியத் தவிப்பீர்கள். அப்படியே இதயத்தையும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். இந்த இனத்துக்கு இதய வால்வு நோய் பரம்பரையாகவே வரும். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் மருத்துவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இணை சேர்த்த நாளை வைத்து மட்டும் தேதி குறிக்க முடியாது. ஆண் விந்து கருப்பையில் பல நாள் உயிரோடு இருக்கும் என்பதால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் குட்டி போடலாம். நம்ப வேண்டியது தெர்மாமீட்டரை. மருந்துக்கடை டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் நுழைத்து, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் பிரசவம். இறங்கிய சூடு சில மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். நாளுக்கு ஒரு தடவை மட்டும் பார்த்தால் தவறவிடுவீர்கள்.

அதன்பின் நடுங்கும், மூச்சிரைக்கும், விரிப்பைப் பிறாண்டும், சோறு தொடாது, வாந்திகூட எடுக்கும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், தலையீத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இது நீடிக்கும். பயப்பட வேண்டியதில்லை. வயிற்றை இறுக்கி, வாலைத் தூக்கி முக்க ஆரம்பித்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். விடாமல் பலமாக அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லையா, கிளம்புங்கள். உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரம் இடைவெளி விழுந்தாலும் கிளம்புங்கள். சூடு இறங்கி 24 மணி நேரம் ஆகியும் வலி வரவில்லையென்றாலும் அப்படித்தான். முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள். அப்போது நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. முதல் குட்டி வந்தபின் அந்தப் பச்சை சாதாரணம்.

எங்கே கிளம்புவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உடுமலைக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்; கோவையும் நாமக்கல்லும் தூரம். இரவு ஒரு மணிக்கு அறுவை செய்ய ஆள் உண்டா என்று போன் செய்து நேரடியாகக் கேளுங்கள். மாடும் ஆடும் கோழியுமாகப் பிழைக்கிற இந்தக் கொங்கு மண்டலத்தில், நடுராத்திரியில் வலியோடு ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கதவு தட்ட வேண்டியிருப்பதைச் சகிக்கவே முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் ஊசிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

அந்த ஊசி ஆக்சிடோசின். பால் கறக்க மாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, லேபிள் இல்லாத பாட்டிலில், அதே மருந்துதான். கருப்பையை இறுக்குவது அதன் வேலை. குட்டி குறுக்கே கிடந்தாலோ தலை பெரிதாக இருந்தாலோ, பூட்டிய கதவில் ஆளை வைத்து நெரிப்பது போலாகும். கருப்பை கிழியும், நஞ்சுக்கொடி பிரிந்து உள்ளே இருக்கும் மற்றக் குட்டிகளும் மூச்சுமுட்டிச் சாகும். வழியில் தடை இல்லை என்று பரிசோதித்த பிறகு மருத்துவர் உங்கள் நாய்க்குக் கொடுப்பது அரை யூனிட் முதல் இரண்டு யூனிட் வரை. மாட்டுக்குப் போடுவது இருபது யூனிட்டுக்கு மேல். கண்ணளவில் சிரிஞ்சில் இழுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. புரோக்கருக்கு வேறு கணக்கு இருக்கிறது: வயிற்றைக் கிழித்துக் குட்டியை எடுத்தால் அடுத்த பருவத்துக்கு நீங்கள் நாயைத் தரமாட்டீர்கள். அவர் பங்குக் குட்டி போய்விடும்.

எக்ஸ்ரேயில் ஒரே ஒரு குட்டி தெரிந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். பிரசவத்தைத் தொடங்கிவைப்பதே குட்டிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன்தான். ஒற்றைக் குட்டியால் போதுமான அளவு சுரக்க முடியாமல் போகலாம். சூடு இறங்காது, வலி வராது, தாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு திரியும். "இன்னும் நாள் இருக்குது" என்று நீங்கள் காத்திருக்க, இடமெல்லாம் தனக்கே என்று அந்தக் குட்டி பெரிதாக வளர்ந்து வழியில் அடைத்துக்கொள்ளும், அல்லது உள்ளேயே இறக்கும். ஒற்றைக் குட்டி என்றால் தெர்மாமீட்டரை நம்பி உட்காராதீர்கள். எக்ஸ்ரே எடுத்த அன்றே அறுவைக்கான நாளைப் பற்றிப் பேசுங்கள். சினையைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனுக்கான இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பும் பார்த்து மருத்துவர் நாள் குறிப்பார். இரட்டைக் குட்டியானாலும் ஓரளவு இதே எச்சரிக்கை வேண்டும்.

குட்டி வந்ததும் பனிக்குட உறையை மூக்கிலிருந்து விலக்கி, துண்டால் நன்றாகத் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றாதீர்கள். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, கொதிக்க வைத்த நூலால் கட்டி, வெட்டி, பொவிடோன் அயோடின் தொடுங்கள். முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி வெதுவெதுப்பு வேண்டும். பல்பை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள், சூடு தாங்காத குட்டி நகர்ந்துகொள்ளட்டும். சமையலறைத் தராசில் தினமும் நிறுங்கள். முதல் நாளுக்குப் பிறகு எடை ஏறாத குட்டிக்குப் பால் போகவில்லை.

இனி டானிக். சினையில் கால்சியம் ஊற்றினால் எலும்பிலிருந்து தானாகக் கால்சியம் எடுக்கும் வேலையை உடல் குறைத்துக்கொள்ளும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் பெருகும்போது இரத்தத்தில் கால்சியம் சட்டென்று சரியும். சின்ன இனங்களுக்கு இது அதிகம். கால் விறைத்து நடப்பது, மூச்சிரைப்பு, உடல் வெட்டி இழுப்பது கண்டால் குட்டிகளைப் பிரித்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போடுகிற கால்சியம் ஊசி, இதயத்தைக் கவனித்தபடி நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. கம்பவுண்டர் வீட்டுத் திண்ணையில் போடுவது அல்ல.

முப்பதாம் நாள் புரோக்கர் குட்டி கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.