இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் போர்க்கப்பல் கிரிஷிமாவை மூழ்கடித்தது எந்தக் கப்பல்?

அமெரிக்கப் போர்க்கப்பல் வாஷிங்டன்தான். கிரிஷிமாவை வீழ்த்தியது இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பலான சவுத் டகோட்டா என்று ஏதாவது பழைய கட்டுரையில் நீங்கள் படித்திருந்தால், அது தவறு.

குழப்பம் போர்க்காலச் செய்திகளில் தொடங்கியிருக்கும். ரகசியம் காக்க, சவுத் டகோட்டாவின் பெயரைச் சொல்லாமல் 'போர்க்கப்பல் எக்ஸ்' என்று எழுதினார்கள். புகழும் அதற்கே போனது.

1942 நவம்பர் 14 இரவு, பசிபிக் தீவான குவாடல்கனாலுக்கு அருகே சவுத் டகோட்டாவில் மின்சாரம் நின்றுபோய் ராடார் செயலிழந்தது. எரிந்துகொண்டிருந்த சொந்த நாசகாரிக் கப்பல்களின் வெளிச்சத்தில் அதன் உருவம் எதிரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் ஜப்பானியரின் தேடுவிளக்குகளும் அதன்மேல் விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள் தாக்கின. அட்மிரல் வில்லிஸ் லீயின் வாஷிங்டனோ, எரியும் கப்பல்களுக்கு மறுபுறமாக, இருட்டில் நகர்ந்தது. ராடாரில் பார்த்து, நள்ளிரவு வாக்கில், ஏறக்குறைய 7.7 கிலோமீட்டரிலிருந்து ஒன்பது 16 அங்குலப் பீரங்கிகளால் கிரிஷிமாவைச் சுட்டது. அந்தத் தூரம் இவ்வளவு பெரிய பீரங்கிக்கு மிக அருகில் என்றே சொல்ல வேண்டும்.

கட்டுரையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். நவம்பர் 13 என்றிருந்தால் அது கிரிஷிமாவே அல்ல. அதே வகைக் கப்பலான ஹியேய் மூழ்கிய நாள் அது. கிரிஷிமா மூழ்கியது 15 அதிகாலை.

ஒன்று மட்டும் கவனம்: கிரிஷிமாமேல் எத்தனை 16 அங்குலக் குண்டுகள் பட்டன என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. ஒன்பது என்பது பழைய கணக்கு, இருபது வரை என்பது பிந்தைய ஆய்வு. எழுதும்போது 'குறைந்தது ஒன்பது' என்று போடுங்கள்.