வர்ணம் அடித்ததும் சூடு கூடிவிட்டதா?

அன்புள்ள அண்ணா,

பலகையில் பெயர் எரிப்பதற்கு 5 வொற் நீல லேசர் ஒன்று வைத்திருக்கிறேன். அதன் ஹீற் சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் தகட்டுத் தொகுதி, வெறும் அலுமினியம். வீடு வெள்ளவத்தையில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்றில் வெள்ளைப் பொடி பூத்துவிடும் என்று பயந்து, கழற்றி எல்லாப் பக்கமும் மற் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். முன்பு, துவக்குப் போலக் குறி வைத்துத் தொடாமல் அளக்கும் துவக்கு வெப்பமானியில் 36 பாகை காட்டியது. இப்போது 52. பெயின்ற் சூட்டை உள்ளே அடைக்கிறதா? முழுவதையும் சுரண்டி எடுத்துவிடவா?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

முழுவதையும் சுரண்ட வேண்டாம். ஒரேயொரு இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 36ஐ நம்பாதீர்கள். துவக்கு வெப்பமானி, மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. பளபளக்கும் அலுமினியம் அந்தக் கதிரைப் பத்தில் ஒரு பங்கு வெளிவிட்டாலே பெரிது. மிச்சமெல்லாம் எதிர்ச் சுவரின் பிரதிபலிப்பு. அதாவது நீங்கள் அளந்தது பெரும்பாலும் உங்கள் அறையின் சூட்டைத்தான். நானும் இதில் ஏமாந்தவன். கொதிக்கிற எவர்சில்வர் சட்டியின் பக்கத்தில் 45 என்று காட்டியதை நம்பித் தொட்டு, இரண்டு விரலில் கொப்புளம் வாங்கினேன். வெறும் உலோகத்தை அளப்பதென்றால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டி, அதன் மேல் குறி வையுங்கள். இப்போது உங்கள் பெயின்றே அந்த ரேப்பின் வேலையைச் செய்கிறது. 52 உண்மைக்குக் கிட்டிய கணக்கு.

பெயின்ற் மெல்லியது, ஒரு பூச்சு 50 மைக்ரோன் அளவில் வரும். காற்றுப்படும் பரப்பு பெரிது என்பதால் அது தடுக்கும் சூடு ஒரு பாகைக்கும் குறைவு. மாறாக, கதிர்வீச்சைக் கூட்டிவிடுகிறது. 100 சதுர சென்ரிமீற்றர் பரப்பு 50 பாகையிலும் அறை 30 பாகையிலும் இருந்தால், பூசிய பரப்பு ஏறத்தாழ 1.25 வொற்றைக் கதிராக வீசும். பளபளப்பான வெறும் பரப்பு 0.1 வொற் வீசுவதே கஷ்டம். கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தச் சூட்டின் அகச்சிவப்பில் வெள்ளைப் பெயின்றும் கறுப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயின்றை மட்டும் தவிருங்கள்.

ஆனால் ஃபேன் ஓடுகிறதென்றால் இதெல்லாம் சில்லறைக் கணக்கு. காற்றே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். தகடுகளுக்கு நடுவில் அடித்த பெயின்றும் வீண், ஒரு தகடு வீசுவதைப் பக்கத்துத் தகடு வாங்கிக்கொள்ளும். உப்புக்காற்றுக்கு நல்லது, அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த ஓர் இடம். எல்லாப் பக்கமும் அடித்தேன் என்கிறீர்களே, லேசர் மொடியூல் வந்து உட்காரும் முகத்திலுமா? அங்கேதான் வில்லங்கம். ஒளி உண்மையாகவே 5 வொற் என்றால், ஏறத்தாழ 10 வொற் சூடாகிறது. அது முழுதும் 2 சதுர சென்ரிமீற்றர் முகத்தால் போக வேண்டுமென்றால், அதே 50 மைக்ரோன் பெயின்ற் 12 பாகைக்கு மேல் இடைவெளி வைத்துவிடும். அந்த 12ம் ஹீற் சிங்கில் தெரியாது, மொடியூலுக்குள் ஒளியை உண்டாக்கும் டயோட்டின் தலையில் ஏறும். டயோட்டின் ஆயுளைக் கரைப்பது அதுதான்.

அந்த முகத்தை மட்டும் எமரிப் பேப்பரைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, உலோகம் தெரியும்வரை உரஞ்சுங்கள். துடைத்துவிட்டு, சூட்டைக் கடத்தும் பசையான தேர்மல் பேஸ்ற் கொஞ்சம். பாணில் பட்டர் பூசுகிற மாதிரித் தடிப்பாக வேண்டாம், கீறல்கள் நிரம்பினால் போதும்.

அப்புறம், லேசரை நிறுத்தின கையோடு அளந்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது குனிந்து பார்க்கிற வேலையே வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் கூட.