கேமரா லோன் போடலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் நானும் நண்பரும் பங்குதாரர்களாக ஒரு சின்ன வீடியோ தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறோம். 2 ஊழியர்கள். பம்ப் கம்பெனி, மில், கல்லூரிகளுக்கு கார்ப்பரேட் படங்களும் விளம்பரங்களும் எடுக்கிறோம். இடையிடையே சொந்தமாக ஆவணப்படம். ஆண்டு வருவாய் 62 லட்சம். லாபம் இருப்பதாக ஆடிட்டர் சொல்கிறார், ஆனால் கையில் காசு நிற்பதில்லை. வரவேண்டிய பாக்கி மட்டும் 14 லட்சம். போன ஜூலையில் சம்பளத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். கேமரா வாடகைக்கு நாளுக்கு 6,500 வீதம் மாதம் சராசரியாக 6 நாளுக்கு 39,000 போகிறது. கேமரா, 3 லென்ஸ், மானிட்டர், ட்ரைபாட் எல்லாம் ஜிஎஸ்டியோடு 11.8 லட்சத்துக்கு வருகிறது. 9 லட்சம் லோன், 13 சதவீத வட்டி, 3 வருடம். வாங்கலாமா? ஒரு படத்தின் செலவுக் கணக்கையும், போன வருட ஷூட்டிங் நாள்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போது வாங்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.

9 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 30,300. இன்சூரன்ஸ், சர்வீஸ், மெமரி கார்டு, பேட்டரி என்று மாதம் 4,000 சேர்த்தால் 34,300. நாளுக்கு 6,500 வாடகையில் இது ஐந்தேகால் நாள் ஷூட்டிங். உங்கள் சராசரியோ 6 நாள். அதனால்தான் லாபம் போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஜனவரி முதல் மார்ச் வரை மாதத்துக்கு 10, 11 நாள் இருக்கிறது. ஜூன், ஜூலையில் 2 நாள்தான். வேலை இல்லாத ஜூலையில் வாடகை 13,000தான் போகும். லோன் இருந்தால் அந்த மாதமும் 30,300 கட்டியாக வேண்டும். கிரெடிட் கார்டைத் தேய்த்ததும் அதே ஜூலைதான். அதோடு, லோன் போக மீதி 2.8 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதில் ஜிஎஸ்டி 1.8 லட்சத்தை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம் (அந்தத் தொகைக்குத் தேய்மானம் கோராத வரை), ஆனால் அது பணமாக வராது. நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்துகொண்டே போகும்.

இன்னொன்று: வாடகைக் கேமரா ஸ்பாட்டில் மக்கர் செய்தால் அன்றே வேறு கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) கேட்கலாம். சொந்தக் கேமரா என்றால் தவணையும் கட்டி, அன்றைக்கு வாடகையும் கொடுக்க வேண்டியதுதான். ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் லென்ஸில் தொடங்குங்கள். பாடி சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் ஓடும், விற்றாலும் விலை போகும்.

உங்கள் உண்மையான சிக்கல் நீங்கள் இணைத்திருக்கும் 3 லட்ச ரூபாய் படத்தில் இருக்கிறது. பில் 3,00,000, ஜிஎஸ்டி 54,000. ஷூட்டிங் 2 நாள். பேக்கப் (ஷூட்டிங் முடிந்தது என்று) சொல்வதற்குள் கேமராவுக்கு 13,000, லைட், ஜெனரேட்டருக்கு 18,000, ஒளிப்பதிவாளருக்கு 24,000, உதவியாளர், லைட்மேன், மேக்கப்புக்கு 22,000, டிரோனுக்கு 8,000, வண்டி, சாப்பாடு, பேட்டாவுக்கு 21,000 என்று மொத்தம் 1,06,000 போய்விட்டது. அதற்குப் பிறகு எடிட், டிஐ (நிறத் திருத்தம்), குரல், இசை, மிக்ஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து 57,000. மிச்சம் 1,37,000. நல்ல லாபம்தான். ஆனால் அட்வான்ஸாக வாங்கியது 50,000. மீதி "பைனல் ஓகே ஆனதும்". ரஃப் கட் (முதல் எடிட்) போனது பிப்ரவரியில், பணம் வந்தது ஜூலையில். நடுவில் 5 மாதம் அந்தக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது நீங்கள்தான்.

ஜிஎஸ்டி இதை இன்னும் இறுக்குகிறது. மார்ச் 28ல் பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஏப்ரல் 20 வாக்கில் வரி கட்டியாக வேண்டும். உங்கள் செலவில் பெரும்பகுதி ஆள் சம்பளம். லைட்மேனும் எடிட்டரும் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர்கள், அவர்களிடமிருந்து இன்புட் கிரெடிட் கிடைக்காது. சாப்பாட்டுச் செலவுக்கும் சாதாரணக் கார் வாடகைக்கும் சட்டமே கிரெடிட் தராது. கேமரா, லைட் வாடகைக்கான 5,580ஐக் கழித்தாலும் 48,000க்கு மேல் கைக்காசு.

ஆகவே அடுத்த வேலையிலிருந்து ஒர்க் ஆர்டரில் தவணைகளை எழுதுங்கள். கையெழுத்தானதும் 40 சதவீதம், பேக்கப் அன்று 30, ரஃப் கட் அனுப்பியதும் 20, வாட்டர்மார்க் இல்லாத பைனல் பைல் கொடுக்கும் முன் 10. இந்தப் படத்துக்கு 40 சதவீதம் என்றால் 1,20,000. ஷூட்டிங் செலவு 1,06,000 அதிலேயே அடங்கிவிடும். எந்தத் தவணையையும் ஜிஎஸ்டி சேர்த்தே கேளுங்கள். சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினாலே வரி உண்டு. 1,20,000 மட்டும் வாங்கிக்கொண்டால் அதற்குள்ளிருந்து வரியை எடுத்துக் கட்ட வேண்டி வரும். கேட்க வேண்டியது 1,41,600.

தவணையை விடவும் ஒர்க் ஆர்டரில் கரெக்ஷன் பற்றிய வாசகம்தான் முக்கியம் என்பேன். "எம்.டி. இன்னும் பார்க்கலை" என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனையோ பேமென்ட் மாதக்கணக்கில் நிற்கிறது. ஷூட்டிங்குக்கு முன் ஸ்கிரிப்டுக்கு மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். இரண்டு சுற்றுக் கரெக்ஷன் விலைக்குள். மூன்றாவதிலிருந்து எடிட் நாளுக்கு இவ்வளவு. ரஃப் கட் அனுப்பி 7 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதி அடுத்த தவணை பில் வரும். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் முன்கூட்டியே உங்களுக்கு ஒரு தகவல் தருகிறார்.

உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். அரசுத் தளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. 2006ஆம் ஆண்டு சிறு, குறுந்தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. பொருளோ சேவையோ கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளிலிருந்தே கெடு ஓடும். அதனால் பைல் அனுப்பிய மெயிலை அழிக்காதீர்கள். அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும் வருடம் வரை அந்தக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் துறைக்கு இது நன்றாகத் தெரியும். பில்லில் உதயம் எண்ணை அச்சிட்டு, பிப்ரவரி கடைசியில் பாக்கிப் பட்டியலை மரியாதையாக அனுப்பிப் பாருங்கள், மார்ச் 31க்குள் பலர் செட்டில் செய்வார்கள். பதிவுக்கு முன் முடித்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது சிக்கல். தள்ளிப்போட வேண்டாம் என்பது அதனால்தான்.

இருக்கிற 14 லட்சத்தை 90 நாளுக்குள், 6 மாதத்துக்குள், அதற்கும் மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். மிகப் பழையதற்கு முதலில் ஸ்டேட்மென்ட் அனுப்பி, "இந்தத் தொகை பாக்கி சரிதான்" என்று ஒரு வரி பதில் வாங்குங்கள். வழக்குப் போட 3 வருடம்தான் கெடு. அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். 14 லட்சத்தில் எவ்வளவு டிடிஎஸ்ஸாக (பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஒப்பந்த வேலையாகக் கருதினால் உங்களைப் போன்ற பங்குதாரர் நிறுவனத்துக்கு 2 சதவீதம்; தொழில்முறைக் கட்டணம் என்று போட்டுவிட்டால் 10. 3 லட்சத்தில் 6,000க்கும் 30,000க்கும் உள்ள வித்தியாசம், ரீஃபண்ட் வரும் வரை முடங்கும். உங்கள் வேலை எந்த வகை என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, ஒர்க் ஆர்டரிலேயே அதற்கேற்ற வாசகம் எழுதுங்கள். டிடிஎஸ் ஜிஎஸ்டி தொகைக்குப் பிடிக்கப்படக் கூடாது. பில்லில் வரியைத் தனியாகக் காட்டுங்கள். நீங்களும் ஒளிப்பதிவாளர், எடிட்டர் கட்டணத்தில் வரம்பு தாண்டும்போது பிடித்துக் கட்ட வேண்டும். விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் செலவு போச்சு. பேட்டாவை ஜிபேயில் அனுப்புங்கள், வவுச்சரில் கையெழுத்தும் வாங்குங்கள்.

வங்கியில் இரண்டு கணக்குகள் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். ஒன்று ஜிஎஸ்டிக்கு: பணம் வந்த அன்றே வரிப் பங்கு அங்கே போக வேண்டும். மற்றொன்று அட்வான்ஸுக்கு. கல்லூரிப் படத்தின் அட்வான்ஸை எடுத்து மில் படத்தின் லைட்மேன் பாக்கியைத் தீர்ப்பதுதான் உங்களை மாதாமாதம் ஓட வைக்கிறது. கல்லூரி ஷூட்டிங் வரும்போது அந்தக் காசு இருக்காது. இன்னொரு வேலையை விலை குறைத்தாவது பிடித்து அட்வான்ஸ் வாங்கத் தோன்றும். ஒரு படத்தின் அட்வான்ஸ் அந்தப் படத்துக்கு மட்டும். ஆவணப்படத்துக்கும் இதிலிருந்து தொடாதீர்கள். முடிந்த படங்களின் லாபத்தில் இருந்து மாதம் ஒரு தொகை ஒதுக்கி எடுங்கள்.

சம்பளம், வாடகை, இன்டர்நெட், சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து மாத நிலைச் செலவு எவ்வளவோ, அதைப் போல 3 மடங்கு சேரும் வரை பங்குதாரர்கள் லாபம் எடுக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு நிலையான மாதத் தொகை மட்டும், அதுவும் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதி. கிரெடிட் கார்டு பாக்கி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறுவது, முதலில் அதை அடைத்துவிடுங்கள். அவசரத்துக்கு உங்கள் வங்கியில் ஓவர் டிராஃப்ட் (கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) கேளுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்குத்தான் வட்டி.

பாக்கி 5 லட்சத்துக்குக் கீழே இறங்கி, மூன்று மாதச் செலவு கணக்கில் நின்று, ஜூன், ஜூலையிலும் சேர்த்து மாதம் 6 நாள் ஷூட்டிங் உறுதியாக இருந்தால், அதே கொட்டேஷனோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது லோன் 9 லட்சம் கூடத் தேவைப்படாமல் போகலாம்.