மொய்யும் முடிச்சும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர் எனக்கு. ஆறு வருடமாக யோகோஹாமாவில் வேலை. போன மார்ச்சில் என்னோடு வேலை பார்க்கும் ஜப்பானிய நண்பரின் அப்பா இறந்துபோனார். உறையில் 5,000 யென் வைத்துக் கொடுத்தேன். மரியாதை என்று நினைத்து வங்கிக்குப் போய்ப் புது நோட்டாகவே வாங்கி வைத்தேன், அது தவறு என்று பிறகுதான் இன்னொருவர் சொன்னார். சரி, அதை விடுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே தேயிலையும் ஒரு துண்டும். விலையைத் தேடிப் பார்த்தால் ஏறக்குறைய 2,500 யென், நான் கொடுத்ததில் சரியாகப் பாதி. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. துக்கத்துக்குக் கொடுத்ததைக்கூடக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்களா?

அதே வாரம் அம்மா போனில், அப்பாவின் பழைய நண்பர் வீட்டில் கல்யாணம், அக்கா கல்யாணத்துக்கு அவர்கள் 2,001 செய்தார்கள், நாம் 5,001 செய்ய வேண்டும், அப்பா இல்லை, இனிமேல் உன் பெயரில்தான் எழுத வேண்டும் என்றார். ஜிபே-யில் அனுப்பிவிடவா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். அங்கேயும் கணக்கு, இங்கேயும் கணக்கு. 'வறியார்க்கொன்று ஈவதே ஈகை, மற்றெல்லாம் குறியெதிர்ப்பை' என்று வள்ளுவர் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. நாம் அன்பளிப்பு என்று சொல்வதெல்லாம் வெறும் கொடுக்கல் வாங்கல்தானா?

ர., யோகோஹாமா

*

அன்புள்ள ர.,

முதலில் அந்தத் தேயிலையைப் போட்டுக் குடியுங்கள். அது முகத்தில் அடித்தது இல்லை.

புது நோட்டு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் 'சரி, விடுங்கள்' என்று தாண்டிவிட்டீர்கள். ஜப்பானில் கல்யாணத்துக்குப் புது நோட்டு, சாவுக்குப் பழைய நோட்டு. கல்யாணத்துக்குப் புது நோட்டு என்றால் இந்த நாளுக்காக முன்பே தயாராகி வந்தேன் என்று பொருள். சாவு வீட்டுக்கு அதே நோட்டை எடுத்துக்கொண்டு போனால், இந்தச் சாவை எதிர்பார்த்து முன்பே எடுத்துவைத்தேன் என்று ஆகிவிடும். கையில் புது நோட்டுதான் இருக்கிறது என்றால் அதை ஒரு மடிப்பு மடித்து வைப்பார்கள். உறைமேல் பெயர் எழுதும் மையும் வெளிறியதாக இருக்க வேண்டும், கண்ணீர் விழுந்து கரைந்தது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். கல்யாண உறையில் நண்பர்கள் பெரும்பாலும் 30,000 யென் வைப்பார்கள், 20,000 வைக்கத் தயங்குவார்கள், இரண்டு என்பது பிரிந்துவிடும் எண்.

உறையைக் கட்டும் நூலின் முடிச்சு இன்னும் விசேஷம். குழந்தை பிறந்தால் இழுத்தால் அவிழும் பூ முடிச்சு, இது மறுபடி மறுபடி நடக்கட்டும் என்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவிழாத முடிச்சு, இது ஒரு முறை போதும் என்று. கல்யாணமும் சாவும் ஒரே முடிச்சில் வருவதைப் பார்த்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், வந்த பணத்தில் பாதி மதிப்புக்கு ஒரு பொருளை அனுப்புவது அங்கே பரவலான வழக்கம். பெரும்பாலும் தேயிலை, கடற்பாசி, சோப்பு மாதிரி தீர்ந்துபோகும் பொருளாக இருக்கும், துக்கம் உங்கள் வீட்டில் தங்கிவிடக் கூடாது என்பதற்காக. துக்கத்தில் வாங்கிய கடனை மட்டும் இவ்வளவு அவசரமாக ஏன் அடைக்கிறார்கள்? கல்யாணத்துக்கு வாங்கியதை இன்னொரு கல்யாணத்தில் திருப்பலாம், அதுவரை காத்திருப்பதும் ஒரு சந்தோஷம். சாவுக்கு வாங்கியதை முழுக்கத் திருப்ப வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் ஒரு சாவு விழ வேண்டும். அதற்காக யாரும் காத்திருப்பதாகத் தோன்றிவிடக் கூடாது இல்லையா? நம் ஊரில் இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்ல மாட்டோமே, பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவோமே, அதைத்தான் அவர்கள் தேயிலைப் பொட்டலத்தால் செய்கிறார்கள்.

ஆனால் கவனியுங்கள், பாதிதான் வந்தது. முழுத்தொகைக்கும் அனுப்பியிருந்தால் அதுதான் அவமானம், உன் பணம் எனக்குத் தேவையில்லை என்று அதற்குப் பொருள். உங்கள் நண்பர் பாதியை அடைத்தார், மீதிப் பாதியை வைத்துக்கொண்டார். அந்தப் பாதியில்தான் உங்கள் உறவு இருக்கிறது. ஒருநாள் உங்கள் வீட்டில் ஏதாவது என்றால் அவர் உறையோடு வந்து நிற்பார், எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் அவர் வீட்டுக் குறிப்பில் இருக்கும். எடோ காலத்தில் (1603–1868) எழுதிய துக்கக் கொடை ஏடுகளையே அங்கே பல குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருந்தன, வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றை வைத்து அந்தக் கால ஊர் வாழ்க்கையைப் படிக்கிறார்கள். நம் மொய் நோட்டையும் ஒருநாள் யாராவது அப்படி எடுத்துப் படிக்க வேண்டும்.

அங்கே கடனை எவ்வளவு சீக்கிரம் அடைப்பது என்று பார்க்கிறார்கள், நாம் எவ்வளவு நாள் திறந்து வைப்பது என்று பார்க்கிறோம். வித்தியாசம் அங்கேதான், கணக்குப் பார்ப்பதில் இரண்டு பேரும் ஒன்றுதான். வாங்கிய 2,001-ஐ மறுநாள் காலையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துப் பாருங்களேன், ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். பல வருடம் வைத்திருந்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில், கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். கூட்டிச் செய்ததும் கடன் அந்தப் பக்கம் போய்விடும். அந்த ஒற்றை ரூபாயை மங்கலம் என்பார்கள், முழு எண்ணில் கணக்கு முடிந்துவிடக் கூடாது என்று போட்ட தாழ்ப்பாளாக எனக்குத் தோன்றுகிறது.

என் அப்பா போன பிறகு அவருடைய மொய் நோட்டைப் புரட்டினேன். அட்டை போன நீள நோட்டு. என் அக்கா கல்யாணம், 1989. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, திருப்பிச் செய்த தொகையும் ஒரு டிக்கும். ஒரு வரியில் மட்டும் தொகை இல்லை. எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்தவர், 25 ரூபாய் எழுதியிருக்கிறார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை, அவர் வீட்டில் விசேஷம் என்று ஒன்று நடக்கவே போவதில்லை என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். அந்த வரிக்கு நேராகப் பென்சிலில், 'கூரைக்குக் கீற்று 200', பக்கத்தில் டிக். எப்போது கொடுத்தார், எந்த மழைக்கு முன்னால் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. விசேஷமே இல்லாத வீட்டில் ஒரு விசேஷத்தைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு மொய் மாதிரி உண்டா என்று நான் மார்தட்டப் போவதில்லை. தையல்காரருக்குக் கீற்று கிடைத்தது, கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். எழுதிக்கொண்டே இருந்து, திரும்ப வாங்க வழியே இல்லாமல் போனவர்கள் உண்டு. வட்டிக்கு வாங்கி மொய் எழுதுபவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தச் சிக்கலுக்கு உங்கள் வட்டாரமே ஒரு வழி கண்டுபிடித்ததே, ஆடி ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் நடக்கும் மொய் விருந்து. கல்யாணமும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம், பந்தல் போட்டு ஆட்டுக்கறி சமைத்து, எனக்கு வரவேண்டியதைக் கொண்டு வாருங்கள் என்று பத்திரிகை அடித்துவிடுவது. பணம் எண்ணும் மிஷினும் கம்ப்யூட்டர் ரசீதும் வந்த பிறகு நகரத்துக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். வங்கி கடன் தராத சின்ன விவசாயிக்கு வட்டியில்லாத முதல் அது, எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாங்கியதைத் திருப்ப முடியாமல் ஊருக்குள் தலைகாட்டாமல் இருப்பவரை நினைத்தால்தான் என்னவோ செய்கிறது.

இப்படிச் சிரிப்பதோடு நிற்காமல் சட்டமே போட்ட இடம் ஒன்று உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் குவாக்வாக்கவாக்கு போன்ற பழங்குடிகள் 'பாட்லாட்ச்' என்று ஒரு பெருவிருந்து நடத்துவார்கள். பெயர் சூட்டுவது, கல்யாணம், பட்டம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது எல்லாம் அதில்தான். நடத்துபவர் வந்தவர்களுக்கு எல்லாம் கொடுப்பார், போர்வைகள், படகுகள், செப்புத் தகடுகள். எவ்வளவு கொடுத்தாரோ அவ்வளவு பெரிய மனிதர். கையில் இருப்பதை எல்லாம் கொடுத்துத் தீர்க்கும் ஜனங்களை எப்படிச் சிக்கனமான குடிமக்களாக மாற்றுவது என்று அரசுக்கும் பாதிரியார்களுக்கும் கவலை. 1885 முதல் பாட்லாட்ச் தண்டனைக்குரிய குற்றம். 1921-ல் வில்லேஜ் ஐலண்ட் என்ற தீவில் ரகசியமாக நடந்த பெரிய பாட்லாட்சுக்காகப் பலரைக் கைது செய்தார்கள், முகமூடிகளையும் ஆடை அணிகளையும் பறிமுதல் செய்து அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தார்கள். தடை 1951-ல்தான் சட்டத்திலிருந்து போனது. மீட்ட பொருள்களை வைக்க 1980-ல் அலர்ட் பே என்ற ஊரில் ஒரு பண்பாட்டு மையம் திறந்தார்கள். அதன் பெயர் உமிஸ்தா, எதிரிகள் பிடித்துக்கொண்டுபோன மனிதர்கள் வீடு திரும்புவதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்.

எழுத்து வழக்கம் இல்லாத அந்தச் சமூகத்தில் விருந்துக்கு வந்தவர்கள்தான் சாட்சி. இந்தப் பெயர் இவனுக்கு உரியது, இந்தக் கல்யாணம் நடந்தது என்று நினைவில் வைத்துக்கொள்வதற்கான கூலிதான் அந்தப் போர்வை. மொய் நோட்டே அங்கே மனிதர்களாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அரசு அதைத் தடை செய்தபோது விருந்தோடு ஆவணமும் போனது.

சரி, குறளுக்கு வருகிறேன். நீங்கள் சொன்னது சரியான மேற்கோள்தான், பொருளில்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பது, பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்குகிறோமே, அது. வள்ளுவர் அதை ஈகை இல்லை என்கிறார், அவ்வளவுதான். கேவலம் என்று சொல்லவில்லை. அதே சொல் புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாட்டில் வருகிறது. வறுமையில் கிடந்த புலவர் குமணனிடம் நிறையப் பரிசு வாங்கி வீட்டுக்கு வருகிறார், மனைவியிடம் சொல்கிறார்: உன்னை விரும்பி வாழ்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புபவர்களுக்குக் கொடு, உன் சுற்றத்தாருக்குக் கொடு, நம் வீட்டுப் பசி தீர உனக்கு 'நெடுங்குறியெதிர்ப்பை' தந்தவர்களுக்கும் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்டுக்கொண்டும் இருக்காதே. அந்த 'நெடும்' என்ற அடைமொழியை நான் நாள் கணக்காகவே படிக்கிறேன். திருப்பிக் கேட்காமல் நாள்பட நாள்பட விட்டுவைத்த கடன். தானம் கொடுத்த அரசன் ஒருவன், ஒரு முறை கொடுத்தான். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தை உயிரோடு வைத்திருந்தது பக்கத்து வீட்டுப் பெண்களின் குறியெதிர்ப்பை.

இதே புலவர்தான், தன்னை நேரில் பார்க்காமலேயே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசை, நான் வாணிகப் பரிசிலன் அல்லேன் என்று மறுத்தவர். பார்த்து மதித்துக் கொடுத்தால் தினையளவு போதும் என்றார். உங்கள் அம்மா ஜிபே-க்குக் கோபித்ததும் அதே காரணத்துக்காகத்தான். முடிந்தால் லீவு போட்டுவிட்டுப் போய் வாருங்கள். முடியாவிட்டால் அம்மாவோடு யாரையாவது அனுப்புங்கள், பந்தலில் மொய் எழுதும் மேஜை வரை ஒரு மனித உருவம் நடந்து போக வேண்டும்.

இன்னொன்று. 2,001 என்பது உங்களுக்கு நினைவில் இல்லை, அம்மாவுக்கு இருந்தது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை இத்தனை வருடம் சுமந்தவர் அவர், நோட்டில் இருந்ததோ அப்பா பெயர், இனிமேல் உங்கள் பெயர் என்கிறார். என் அப்பாவின் நோட்டிலும் தேடிப் பார்த்தேன், பெண் பெயர் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் இருக்கிறது, அதிலும் பாதி 'இன்னார் மனைவி' என்று. புலவர் 'நின் நெடுங்குறியெதிர்ப்பை' என்று மனைவியிடம்தான் சொன்னார். மேஜையில் பெயர் என்ன என்று கேட்கும்போது உங்கள் அம்மா பெயரையே எழுதச் சொல்லுங்கள், முன்னெழுத்தும் ஊரும் சேர்த்து. எழுதுபவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். பார்க்கட்டும்.